ஒன்பது காகித வாகனங்கள்

நம் காகித மடிப்பு வட்டத்தில், என்னைத் தவிர, ஐம்பதைத் தாண்டியவர்கள் பதினொரு பேர். வருகைப் பதிவேடு என்னிடம்தான் இருக்கிறது. எண்ணிக்கையில் தவறு இருக்காது. உங்கள் பதினொரு பேருக்காகத்தான் முதலில் இதை எழுதினேன். அந்தக் காலத்து வீடுகள் உங்களுக்குத்தான் சொல்லாமலே புரியும். மற்றவர்களும் கேட்கலாம்.

இன்றைய கூட்டத்தின் பொருள் எல்லோருக்கும் தெரியும். புதிதாகச் சேர்ந்த பல் மருத்துவர் ஒரு நண்டு மடித்திருக்கிறார். ஒரே சதுரத் தாள். எட்டுக் கால்கள், இரண்டு கொடுக்குகள், கண்கூட இருக்கிறது. ஆனால் கால்களுக்குள் மெல்லிய செம்புக் கம்பி இருக்கிறது. தாளின் பின்பக்கம் இன்னொரு தாளைப் பசை தடவி ஒட்டியிருக்கிறார். இரண்டையும் அவரே முதல் நாளே சொல்லிவிட்டார். கண்காட்சியில் அதை வைக்கலாமா கூடாதா என்று மூன்று வாரமாக நம் வாட்ஸப் குழு கொதிக்கிறது.

"இன்னிக்குக் கம்பி, நாளைக்கு பேட்டரி வெச்சு நடக்க விடுவீங்க" என்று நம் பொருளாளர் எழுதினார். "சார், பல்லுக்குக் கம்பி கட்டினா பல் பல்லாத்தானே இருக்கு?" என்று மருத்துவர் பதில் போட்டார். அதற்கு இருபத்து நான்கு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். பொருளாளர் மட்டும் நம் முதல் விதியைப் படமெடுத்துப் போட்டார். ஒரு சதுரம், கத்திரி இல்லை, பசை இல்லை. அந்த விதியை எழுதியவர் இந்தச் சுவரில் மாலையோடு இருக்கும் படத்தில் சிரிக்கிறார். அவர் என் சித்தப்பா. அவர் இல்லாமல் இது இரண்டாவது வருடம்.

செயலாளர் என்ற முறையில் தீர்மானத்தை எழுத வேண்டியவள் நான். நான்கு வரைவு எழுதினேன். நான்கையும் என்னை அறியாமலே மடித்துக் கொக்காக்கி வைத்திருக்கிறேன். இரண்டு நாளாக எந்தக் காகிதம் கையில் கிடைத்தாலும் மடிக்கிறேன். மருந்துச் சீட்டு, பால் கவர் ரசீது, பேருந்துச் சீட்டு. உட்கார முடியவில்லை. இதை எழுதும்போதே மூன்று முறை எழுந்துபோய், பூட்டிய கதவைப் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா, அம்மா, சித்தப்பா, நான். அந்த வருடம் வைகாசியில் சித்தி வந்து சேர்ந்தாள். மாம்பலத்துப் பெண், கணக்கில் பட்டம் வாங்கியவள். இருபத்திரண்டு வயது. சிரிக்கும்போது புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்ளத் தெரியாதவள். அதை அம்மா ஒரு குறையாகவே சொல்வாள்.

நவராத்திரி நெருங்கியபோது சித்தப்பா ஒரு அறிவிப்பு செய்தார். மாதர் சங்கம் நடத்தும் கொலுப் போட்டியில் இந்த முறை நம் வீடும் கலந்துகொள்ளும். ஏழு படியில் ஆறு படி வழக்கமான பொம்மைகள். கீழ்ப் படி முழுக்க அவர் கையால் மடித்த காகித வாகனங்கள். மயில், மூஞ்சூறு, காளை, சிங்கம், அன்னம், கருடன், யானை, குதிரை, கிளி. ஒன்பது நாளுக்கு ஒன்பது.

தாளுக்கு அவர் மாதக் காலண்டர்களைச் சேர்த்து வைத்திருந்தார். வழவழப்பான கனத்த தாள். பிரித்தால் அச்சு மையின் வாசனை மூக்கில் ஏறும். பிடியில் வாத்துத் தலை வைத்த ஒரு பித்தளைக் கத்தியால்தான் சதுரம் வெட்டுவார். "சதுரம் ஆகிற வரைக்கும் வெட்டலாம். ஆனப்புறம் வெட்டினா பாவம்" என்பார். அந்தக் கத்தியை நான் பிறகு எந்த வீட்டிலும் பார்க்கவில்லை. எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். நோட்டுப் புத்தகம் ஒன்றில், தினம் யார் வந்தார்கள், என்ன சுண்டல், யார் பாடினார்கள் என்று எழுத வேண்டும். நீல அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு. என் எழுத்துப் பழக்கம் அங்கேதான் தொடங்கியது. அதற்குப் பிறகு நான் எழுதாத நாள் கிடையாது.

முதல் நாள் வந்த எதிர்வீட்டு மாமி கீழ்ப் படியைப் பார்த்துவிட்டு, "வாகனமெல்லாம் நிக்கறதே, ஸ்வாமியெல்லாம் எங்கே? இறங்கி சுண்டல் வாங்கப் போயிட்டாளா?" என்றாள். சித்தி வாய்விட்டுச் சிரித்தாள். அம்மா அவளைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

இரண்டாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. நம் ஊர் ஈரம் உங்களுக்குத் தெரியும். அப்பளம் நமுத்தது. தீப்பெட்டி உரசவில்லை. காலண்டர் தாள் மட்டும் எப்படி விறைப்பாக நிற்கும்? மயிலின் தோகை பிரிந்தது. அன்னத்தின் கழுத்து சாய்ந்தது. சாயங்காலம் பூக் கொண்டுவந்த பூக்காரம்மா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாமா, குதிர மண்டி போட்டுக்கினு கீது? சாமிக்குக் கும்புடு போடுதா?"

சித்தப்பாவின் முகம் சுண்டிவிட்டது. குதிரையை எடுத்து மறுபடி மடிப்புகளை நகத்தால் அழுத்தினார். அப்போது சித்தி சொன்ன ஒரு வார்த்தைதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். எல்லோரும் கூடத்தில் இருந்தோம்.

"இதுக்கா இத்தனை பாடு? உள்ளே ஒரு பருக்கை சாதம் வெச்சு அமுக்கினா நன்னா நிமிர்ந்து நிக்குமே."

"பசை வெச்சா அது மடிப்பு இல்லை. ஏமாத்து" என்றார் சித்தப்பா.

"அப்போ அண்ணா சாதத்தை வெச்சு ஒட்டற தபால் கவரெல்லாம் ஏமாத்தா?"

அப்பாகூடச் சிரித்துவிட்டார். எங்கள் வீட்டில் தபால் கவரை ஒட்டுவது சோற்றுப் பருக்கையால்தான். ஆனால் அம்மா சிரிக்கவில்லை. "கொலுவாண்ட நின்னுண்டு சாதம் கீதம்னு பேசாதே" என்றாள்.

இந்த இடத்தில் ஒன்றை விளக்க வேண்டும். சமைத்த சாதத்தைத் தொட்டால் எங்கள் வீட்டில் அது 'பத்து'. கையைக் கழுவாமல் வேறு பாத்திரத்தைத் தொடக் கூடாது. ஊறுகாய் ஜாடியை நினைத்தே பார்க்கக் கூடாது. ஸ்வாமி அலமாரிப் பக்கம் தலை வைக்கக் கூடாது. கவரை ஒட்டினால்கூட அப்பா எழுந்துபோய்க் கை கழுவிவிட்டுத்தான் முகவரி எழுதுவார். கொலுவுக்குள் சாதம் என்பது அம்மாவுக்குத் தாங்க முடியாத காரியம். பத்து வயதில் எனக்கு அது தெரியும். நன்றாகத் தெரியும். ஆனால் தோகை விழுந்த மயிலைப் பார்க்கவும் முடியவில்லை.

நான்காம் நாள் மத்தியானம் பெரியவர்கள் படுத்திருந்தார்கள். வெண்கலப் பானையில் மிச்சமிருந்த சாதத்தில் ஒரு சிட்டிகை எடுத்தேன். விரலில் நசுக்கினால் வெதுவெதுப்பாகக் குழைந்தது. குதிரையின் முழங்காலுக்குள் இரண்டு பருக்கை, மயிலின் தோகையடியில் மூன்று. அன்னம். யானை. நான்கோடு சாதம் தீர்ந்தது. கொல்லைக் குழாயில் கையைக் கழுவினேன், இரண்டு முறை. பிறகு நோட்டை எடுத்து அன்றைய பக்கத்தில் அதையும் எழுதினேன். ஏன் எழுதினேன் என்று கேட்காதீர்கள். நடந்ததை எழுத வேண்டும் என்பதுதான் எனக்குத் தரப்பட்ட வேலை.

ஏழாம் நாள் மாதர் சங்கத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். ஒன்பது வாகனமும் கோயில் மண்டபத்தில் நிற்பதுபோல நிமிர்ந்து நின்றன. "ஒரே சதுரம். கத்திரி கிடையாது. பசை கிடையாது" என்று சித்தப்பா சொன்னபோது அவர் குரல் லேசாகக் கம்மியது. பெருமை என்று நினைத்தேன். அங்கேயே முதல் பரிசு என்று சொல்லி ஒரு எவர்சில்வர் தட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

எட்டாம் நாள் சாயங்காலம் எதிர்வீட்டு மாமி ஆத்துக்கு வெற்றிலைபாக்கு வாங்கிக்கொள்ளச் சித்தி போயிருந்தாள். விளக்கேற்ற வந்த அம்மா கீழ்ப் படியில் ஒரு கறுப்புக் கோட்டைப் பார்த்தாள். எறும்பு. யானையின் வயிற்றுக்குள் போய், சிங்கத்தின் வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது.

அம்மா யானையைப் பிரித்தாள். உள்ளே காய்ந்த பருக்கை. அடுத்து சிங்கத்தைப் பிரித்தாள். உள்ளே பருக்கை. காளை, கிளி, கருடன், மூஞ்சூறு. ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பிரிக்கக் கூடத்தில் காலண்டர் தாளாக விரிந்து கிடந்தது. மே மாதம், ஆகஸ்டு மாதம். ஒன்பதிலும் சாதம்.

நான் நான்கில்தான் வைத்தேன். ஒன்பதில் இருக்கிறது. அந்த நிமிடத்தில் பயத்தைவிட அந்தக் கணக்குதான் என்னைப் பிடித்துக்கொண்டது. எறும்பு தூக்கிக்கொண்டு போய் மற்றவற்றில் வைத்திருக்குமோ என்றுகூட யோசித்தேன்.

"யார் பண்ணினது இதை?" என்றாள் அம்மா. "யாரா இருக்கும்? அன்னிக்கே வாயால சொன்னாளே! எல்லாரும் கேட்டேளோன்னோ? ஒரு பருக்கை சாதம் வெச்சா நிக்கும்னு."

"விளையாட்டாச் சொன்னா" என்றார் அப்பா.

"ஸ்வாமி காரியத்துல என்ன விளையாட்டு? இவளை நம்பித்தான் ஊரார் குழந்தைகளை ஒப்படைக்கப் போறாளா?"

அதுதான் விஷயம். சித்திக்கு அடையாறில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலைக்குக் கடிதம் வந்திருந்தது. விஜயதசமி அன்று போய்ச் சேர வேண்டும். அப்பா பாதி சம்மதித்திருந்தார். சித்தி எந்த பஸ், எங்கே ஏறுவது என்று என்னிடம் நான்கு முறை விசாரித்துவிட்டாள். அந்தப் பாதியையும் அப்பா அன்று அந்தக் கூடத்தில் திரும்ப எடுத்துக்கொண்டார். "இப்போ வேண்டாம். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

அம்மா தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றாள். அதுவரை சும்மா இருந்த சித்தப்பா அதற்கு மட்டும் வாய் திறந்தார். "போகட்டும் மன்னி. வெளியிலே தெரிய வேண்டாம்." கையில் ஏதோ துண்டுத் தாளை வைத்து மடித்துக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தார்.

நான் தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். நீல நோட்டு என் கக்கத்தில் இருந்தது.

சித்தி திரும்பி வந்தபோது ஒரு கையில் பட்டாணிச் சுண்டல் பொட்டலம், இன்னொரு கையில் வெற்றிலை. வாசற்படியில் ஒரு கால், உள்ளே ஒரு கால். எல்லாம் முடிவாகிவிட்டிருந்தது. தரையில் கிடந்த தாள்களைப் பார்த்தாள். சித்தப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னை. "நான் வைக்கலை" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள். சித்தி சுண்டலை என் கையில் கொடுத்துவிட்டு, முட்டிக்கால் போட்டு உட்கார்ந்து தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

மறுநாள் சரஸ்வதி பூஜை. வீட்டிலுள்ள புத்தகங்களையெல்லாம் அடுக்கிப் பூஜையில் வைப்போம். அன்று எதையும் படிக்கவோ எழுதவோ கூடாது. சித்தியை அம்மா வேறு எதையும் தொட விடவில்லை. புத்தகங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிற வேலையை மட்டும் கொடுத்தாள். என் நோட்டும் அந்த அடுக்கில் போயிற்று. சித்தி தன் கல்லூரிக் கணக்குப் புத்தகத்தை அதற்கு மேல் வைத்தாள்.

விஜயதசமி காலை. பூஜையிலிருந்து புத்தகத்தை எடுத்து ஆளுக்கு இரண்டு வரி உரக்கப் படிக்க வேண்டும் என்பது வழக்கம். அப்பா பஞ்சாங்கம் படித்தார். சித்தப்பா வங்கித் தேர்வுப் புத்தகம். சித்தி கணக்குப் புத்தகத்திலிருந்து யாருக்கும் புரியாத இரண்டு வரியை நிதானமாகப் படித்துவிட்டு மூடினாள். பிறகு அம்மா என் நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். "நீதான் எழுதினே. நீயே படி."

நோட்டு தானாகவே நான்காம் நாள் பக்கத்தில் திறந்தது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் குங்குமம் அப்பியிருந்தது. மேலிருந்து ஐந்தாவது வரி. என் கையெழுத்து. எல்லோரும் காத்திருந்தார்கள். சித்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பக்கத்தைத் திருப்பினேன். "ஐந்தாம் நாள். மொச்சைச் சுண்டல். உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று படித்தேன். அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள்.

அன்று மத்தியானம் சித்தி பள்ளிக்கூடத்துக்கு வர இயலாது என்று கடிதம் எழுதினாள். கவரை ஒரு பருக்கை சாதத்தால் ஒட்டினாள். எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து முகவரி எழுதினாள். அடுத்த வருஷம் என்றார்கள். அடுத்த வருஷம் குழந்தை. பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நான் பசையைத் தொடுவதில்லை என்று நீங்கள் எல்லோரும் சொல்வீர்கள். புதிதாக வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, "இவங்கதான் சுத்தம், நாப்பது வருஷம் ஒரு சொட்டுப் பசை கிடையாது" என்பீர்கள். சுத்தம் இல்லை. பயம். பசை டப்பாவைத் திறந்தால் எனக்குக் கூடமும் எறும்பும்தான் தெரிகின்றன.

நம் விதியைப் பற்றி யோசிக்காமலும் இல்லை. நாம் வாங்கும் பளபளக்கும் தகட்டுத் தாள் தாளும் தகடும் பசையால் ஒட்டியதுதானே? ஈரமாக மடிக்கிறவர்கள் தாளில் கஞ்சி தடவுவதில்லையா? ஆலையில் போட்ட பசை சுத்தம், நாம் போட்டால் அசுத்தம் என்றால் அது எனக்கு அம்மாவின் ஊறுகாய் ஜாடியைத்தான் நினைவுபடுத்துகிறது. இன்னொரு பக்கம், ஒரு தாள் தன் மடிப்பாலேயே நிற்கும்போது என் உடம்பு சிலிர்க்கிறது. கம்பி வைத்த நண்டைப் பார்த்து எனக்கு அது வரவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு தீர்மானம் எழுதினேன். எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம். பக்கத்தில் ஒரு அட்டையில், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி வைத்தால் போதும்.

அந்த வரைவை எடுத்துக்கொண்டு போன வியாழக்கிழமை அடையாறுக்குப் போனேன். சித்தி இப்போது தனியாக இருக்கிறாள். அந்தப் பள்ளிக்கூடம் இருந்த இடம் அவள் வீட்டிலிருந்து இரண்டு தெரு. இப்போது அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு.

"வாடி. ஏன் இப்படி விரலை மடக்கிண்டே இருக்கே? வாதமா?" என்றாள். தட்டில் முறுக்கு வைத்தாள். தட்டின் விளிம்பைப் பார்த்தேன். மாதர் சங்கம் என்ற எழுத்து பாதி தேய்ந்திருந்தது.

நாற்பத்து மூன்று வருடமாக வைத்திருந்ததைச் சொன்னேன். குதிரை, மயில், அன்னம், யானை. சித்தி முறுக்கை உடைத்துக்கொண்டே கேட்டாள்.

"தெரியுமே" என்றாள்.

"எப்படி?"

"உன் நோட்டுக்குக் குங்குமம் வெச்சது யாரு? பிரிச்சுப் பார்த்தேன். அந்தப் பக்கத்துல விரலை அழுத்தி வெச்சு மூடினேன், நீ எடுத்தா அங்கேயே திறக்கணும்னு. நீ வாசிப்பேன்னு காத்துண்டிருந்தேன்."

அடுத்துக் கேட்டது என் வாய் இல்லை, என் கணக்குப் புத்திதான். "சித்தி, நான் நாலுலதான் வெச்சேன். மீதி அஞ்சு?"

சித்தி ஜன்னல் பக்கம் பார்த்தாள். "ஆறாம் நாள், அவர் கையலம்ப வந்தார். கட்டை விரல்ல காஞ்ச பருக்கை ஒட்டிண்டிருந்தது. சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் ஆச்சே, இது ஏதுன்னு நெனைச்சேன். எட்டாம் நாள் வாசல்ல நின்னப்போ புரிஞ்சுது."

"நீங்க ஏன் சொல்லலை?"

"உன்னைச் சொன்னா உனக்கு முதுகு பழுத்துடும். அவரைச் சொன்னா நான் எந்த ஆத்துல இருக்கறது? மாம்பலத்துக்கா போறது, ஒரு பருக்கை சாதத்துக்காக?" கொஞ்சம் சிரித்தாள். இப்போதும் தலைப்பால் வாயை மூடுவதில்லை. "அவர் கடைசி வரைக்கும் பசை கூடாது, பசை கூடாதுன்னு சொல்லிண்டே இருந்தார். ஒரு நாளும் என் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னதில்லை."

என் தீர்மானத்தை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தாள்.

"அட்டையிலே எழுதி வெச்சாப் போறுமா? நீதான் அன்னிக்கே எழுதி வெச்சுட்டியே. நாப்பது பக்க நோட்டுல, தேதி கிழமையோட. எனக்கு என்ன ஆச்சு?"

திரும்ப மடித்துக் கொடுத்தாள். எழுந்து வாசல் வரை வந்துவிட்டேன். அப்போது கேட்டேன், இதை நம் கூட்டத்தில் சொல்லலாமா, சித்தப்பா பேரும் வருமே என்று.

"சொல்லேன். ஆனா என்னை வெச்சுண்டு சொல்லு. அன்னிக்கு நான் இல்லாதப்போதானே எல்லாரும் முடிவு பண்ணினேள்."

ஆகவே நண்பர்களே, அட்டை என்ற அந்த வரைவும் கொக்காகிவிட்டது. என் தீர்மானம் இதுதான். நண்டு மேஜைக்கு வரட்டும். எதைச் சேர்த்தாலும், சேர்த்தவர் பக்கத்தில் நின்று தன் வாயால் சொல்ல வேண்டும். மருத்துவர் அதை முதல் நாளே செய்துவிட்டார். நம்மில் வேறு யார் செய்திருக்கிறோம் என்று எனக்குத் தெரியாது. பொருளாளர் கோபப்படலாம். படத்தைக் கழற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வாக்கெடுப்பில் நான் தோற்கவும் கூடும்.

மூன்றாவது வரிசையில், மின்விசிறிக்குக் கீழே, அரக்குப் புடவையில் உட்கார்ந்திருப்பவர்தான் என் சித்தி. அந்தக் கொலுவில் சாதம் வைத்தது அவர் இல்லை.

நீல நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். குங்குமம் இன்னும் இருக்கிறது. நான்காம் நாள், மேலிருந்து ஐந்தாவது வரி. சித்தி, இப்போது படிக்கிறேன்.

"மத்தியானம் குதிரை, மயில், அன்னம், யானை நான்கிலும் நான் சாதம் வைத்தேன். இப்போது நேராக நிற்கின்றன."